ஊர் கூடி நிறுத்தும் தேர்

எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் மூத்தவர்கள் தண்டவாளத்தைத் தண்டவாளம் என்று சொல்வதில்லை. ‘கம்பிச் சடக்கு’ என்பார்கள். சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை கம்பிச் சடக்கு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை அதை ‘இருப்புப்பாதை’ என்று கற்றுக்கொடுத்தார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது ‘லண்டாசான்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்க வந்த பிறகு பாடநூல்களில் அதற்கு இன்னும் நாலைந்து பெயர்கள் கிடைத்தன. பெயர் எதுவானாலும், ஜொகூரில் அந்தப் பாதையை ஒட்டியே எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் திறக்கப்பட்டது. ஜொகூர் பாலம் வந்தபின் 1923 முதல் இரயில் நேராகச் சிங்கப்பூருக்குப் போனது. நூறாண்டுக்கும் மேலாக அது ஒற்றைத் தடமாகவே இருந்தது. காடு வெட்டி, மண் கொட்டி, சல்லி பரப்பி அந்தத் தடத்தைக் காத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். இப்போது அதன் அருகிலேயே 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தடம் வந்துவிட்டது. 2025 டிசம்பர் முதல் இடிஎஸ் இரயில் ஜொகூர் பாரு வரைக்கும் ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து வீடு திரும்பும் நண்பர்கள் அதில் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் வேகம் கூடிவிட்டது என்று பேசும் அளவுக்கு, அந்த வேகத்தை யார் யார் சேர்ந்து காக்கிறார்கள் என்று நாம் பேசுவதில்லை.

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். தமிழ்நாட்டில் திருவாரூர்த் தேர் போன்ற பெருந்தேர்கள் ஓடும்போது வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். சக்கரத்தின் பக்கத்தில் கட்டையோடு நடப்பவர்கள் மட்டும் சிலர்தாம். தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சரியான நேரத்தில் சக்கரத்தடியில் கட்டை வைப்பது அவர்கள் வேலை. பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை’ என்றால் தடை என்று பொருளாகிவிட்டது. தேருக்கு அதுவே உயிர்காப்பு. வடம் பிடிப்பவர்களும் கட்டை போடுபவர்களும் ஒருவர் குரலை ஒருவர் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரயிலும் அப்படித்தான்.

சாவி ஒன்று, ஆள் இரண்டு

என் தாத்தா ஜொகூரில் ஒரு சிறு இரயில் நிலையத்தில் வேலை செய்தவர். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அவர் சொன்ன கதைகளில் பேய்க்கதைகளைவிட எனக்குப் பிடித்தது சாவிக் கதை.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக இரண்டு இரயில்கள் வந்துவிடாமல் இருக்க அந்நாளில் ஒரு முறை இருந்தது. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வோர் இயந்திரம் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே இரும்புச் சாவிகள். ஓட்டுநர் கையில் அந்தச் சாவி இல்லாமல் அடுத்த நிலையத்தை நோக்கி இரயில் நகரக்கூடாது. சாவியை ஒரு நிலையத்து ஆள் தானாக எடுத்துவிட முடியாது. அவர் மணி அடித்துக் கேட்க வேண்டும். அடுத்த நிலையத்தில் இருப்பவர் ‘பாதை காலி’ என்று உறுதி செய்து தன் பக்கத்து விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் சாவி கழன்று வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது எந்த இயந்திரத்திலாவது திரும்பச் சேரும் வரை இரண்டாவது சாவி இரு பக்கத்திலும் வராது.

நிற்காமல் போகும் இரயிலுக்குப் பிரம்பு வளையத்தில் தோல் பை கட்டி, அதற்குள் சாவியைப் போட்டு, ஓட்டுநரின் கைக்கு எட்டுமாறு நீட்டுவார்களாம். தாத்தா அப்படி நீட்டி நீட்டித் தோள் வலி பிடித்தவர். “சாவி ஒண்ணு, ஆளு ரெண்டு பாப்பா. ஒருத்தன் கெட்டிக்காரனா இருந்து புண்ணியமில்ல. ரெண்டு பேரும் பேசிக்கணும்” என்பார். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இந்தச் சாவி மாற்றும் வழக்கம் 2011 ஜூன் 30 வரை இருந்தது. மறுநாள் கேடிஎம் தன் முனையத்தைத் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. அந்த நிலையமும் மூடப்பட்டது.

மின் பொறியியல் மாணவி என்ற முறையில் இன்று அந்த இயந்திரத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒத்துழைப்பு என்பது அங்கே அறிவுரையாக இல்லை. ஒத்துழைக்காவிட்டால் சாவியே வராது. முன்னோர் அதை இரும்பிலேயே செய்து வைத்துவிட்டார்கள்.

செய்தி நின்ற இடங்கள்

இரயில் விபத்து என்றதும் நாம் ஓட்டுநரையோ கேட் காவலரையோதான் முதலில் தேடுகிறோம். பெரிய விபத்துகளின் விசாரணைகளைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஓரிடத்தில் தெரிந்திருந்த செய்தி இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேராமல் நின்றிருக்கும்.

கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலையில் ஒரு பள்ளி வேன் மீது பயணிகள் இரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட், சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்ட கேட்டாக இருந்தால், அது மூடி இருந்தால்தான் சிக்னலே பச்சையாகும். பிணைக்கப்படாத இடத்தில், ‘கேட்டை மூடிவிட்டேன்’ என்று தொலைபேசியில் சொல்லப்படும் வார்த்தையை நம்பியே இரயில் வருகிறது. அங்கே சுரங்கப்பாதை கட்டத் தாங்கள் ஒப்புதல் தந்திருந்தும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு இரயில்வே அறிக்கை வெளியிட்டது. யார் பக்கம் நியாயம் என்பது என் வாதமன்று. தண்டவாளம் ஒருவருடையது, சாலை இன்னொருவருடையது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் அந்தச் சில அடி நிலம் யாருடையது? அந்தப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்த விபத்து நமக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு இரயில், நின்றிருந்த சரக்கு இரயில் இருந்த கிளைத் தடத்துக்குள் திருப்பிவிடப்பட்டது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் கம்பிகளை மாற்றி இணைத்த வேலையில் பிழை இருந்ததென இரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். என்னை அதிகம் உலுக்கியது அவர் குறிப்பிட்ட மற்றொரு செய்தி. அதே கரக்பூர் கோட்டத்தின் வேறொரு நிலையத்தில் 2022 மே மாதத்திலேயே தவறான கம்பி இணைப்பால் இதுபோன்ற கோளாறு ஏற்பட்டிருந்தது. அப்போது உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கோளாற்றிலிருந்து பாடம் கற்றுத் திருத்தியிருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அவர் எழுதினார். ஓராண்டுக்கு முன்பே அபாயம் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது.

இலண்டனில் பாடிங்டன் அருகே லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் 1999 அக்டோபர் 5 அன்று இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதி 31 பேர் இறந்தனர். ஓர் இரயில் எஸ்என் 109 என்ற சிக்னலைச் சிவப்பிலேயே கடந்து வந்திருந்தது. அந்த ஒரே சிக்னலை அதற்கு முந்தைய ஆறாண்டுகளில் எட்டு முறை வெவ்வேறு இரயில்கள் சிவப்பில் கடந்திருந்தன. அந்நாட்டில் இரயில்வே தனியார்மயமாகித் தண்டவாளம் ஒரு நிறுவனத்திடமும் இரயில்கள் பல நிறுவனங்களிடமும் போயிருந்த காலம் அது. எட்டு முறை வந்த எச்சரிக்கையைச் சேர்த்து வைத்துப் பார்த்து, சிக்னல் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று ஆராய்ந்து திருத்தும் வேலை நடக்கவில்லை.

நம் நாட்டிலும் 2021 மே 24 அன்று கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில், ஆளில்லாத பழுதான இரயிலை ஓட்டுநர் கையால் இயக்கிச் சென்றபோது, அது தவறான திசையில் போய்ப் பயணிகள் இரயிலோடு மோதியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கணினியே ஓட்டும் தடத்தில்கூட, கணினியை ஒதுக்கிவிட்டு மனிதரும் மனிதரும் பேசிக்கொள்ள வேண்டிய சில நிமிடங்கள் வரும் என்பதை அது காட்டியது.

பிரிட்டிஷ்காரர்கள் அழுதுவிட்டு நின்றுவிடவில்லை. கல்லன் பிரபு நடத்திய விசாரணைக்குப் பின் 2003-இல் இரயில் பாதுகாப்பு, தர வாரியம் ஒன்றை அமைத்தார்கள். இரயில் ஓட்டும் நிறுவனங்கள், தண்டவாளத்தைக் காக்கும் நிறுவனம், குத்தகையாளர்கள் என எல்லோரும் அதில் உறுப்பினர்கள். வணிகத்தில் போட்டியாளர்கள்; பாதுகாப்பில் ஒரே மேசை. விபத்துகளை ஆராயத் தனி அமைப்பு 2005-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கும் முன்பே 1996-இல் ஸ்காட்லாந்தில் ‘சிராஸ்’ என்ற ஏற்பாடு உருவாகி, இந்த விபத்துக்குப் பின் நாடு முழுவதற்கும் விரிந்தது. இரயில்வேயில் வேலை செய்யும் எவரும், தாம் கண்ட ஆபத்தைத் தம் பெயர் வெளிவராமல் அங்கே சொல்லலாம். ‘சொன்னால் வேலை போய்விடுமோ’ என்ற அச்சம்தான் செய்தியை நிறுத்தும் முதல் முட்டுக்கட்டை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் தோட்டத்துக் கதை

வெளிநாட்டுக் கதை போதும். நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டின் மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா ரெங்கம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். செம்பனை வேலையோடு ஏழெட்டு மாடுகளும் வைத்திருக்கிறார். அப்போது பழைய ஒற்றைத் தடத்தில் இரயில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே புதிய இரட்டைத் தடத்திற்கான மண் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் விடாத மழை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கப் போனவர், கைவிளக்கு வெளிச்சத்தில் சடக்கோரத்துக் கரை சரிந்திருப்பதைப் பார்த்தார். கட்டைகள் இரண்டு மூன்று அந்தரத்தில் நின்றன. அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

யாரிடம் சொல்வது? தோட்டத்துக் காவலாளியிடம் ஓடினார். அலுவலகம் ஏழு மணிக்குத்தான் திறக்கும் என்றார் அவர். கட்டுமான இடத்துக் காவலாளி நேப்பாளத்துக்காரர். பெரியப்பாவின் மலாயும் அவருடைய மலாயும் சந்திக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் தம் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து கொடுத்தார். ஒரு துணைக் குத்தகை நிறுவனத்தின் ஆள் அவர். “அது பழைய தடம். எங்கள் வேலை புதிய தடம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கடைசியில் பெரியப்பா மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே போனார். அங்கிருந்தவர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. கேட்டதும் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லி இரயிலை நிறுத்த வைத்தார். பெரியப்பா சரிவைப் பார்த்ததிலிருந்து அதுவரை ஒன்றேகால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் இரயில் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான். அதை யாரும் திட்டமிடவில்லை.

“சடக்குக்குக் கீழ மண்ணு இல்லன்னு எனக்குத் தெரியுது. ரயிலு ஓட்டுறவனுக்குத் தெரியல. நடுவுல நாலு பேரு” என்றார் பெரியப்பா அன்று இரவு. சாப்பாட்டில் கை வைக்காமலே உட்கார்ந்திருந்தார். பெரியம்மாதான், “வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். கோயில் தலைவர், தோட்டத்துக் கிராணி, நிலையத்து ஆள், கட்டுமானப் பணியின் பாதுகாப்பு அதிகாரி ஆகிய நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். தேநீர், வடையோடு முக்கால் மணி நேரம். அன்றே இரண்டு தொலைபேசி எண்கள் கிடைத்தன. என் அண்ணன் அவற்றை மாட்டுக் கொட்டகைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெரிதாக எழுதினார். இரயில் வேலையில் இருப்பவர்கள் அந்த எண்ணை முன்பே தந்திருக்கலாம். தோட்டத்தார் முன்பே கேட்டிருக்கலாம். இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைப்பது யார் வேலை என்பதுதான் யாருடைய பட்டியலிலும் இல்லாமல் இருந்தது.

அமெரிக்காவில் இரயிலும் சாலையும் சந்திக்கும் இடங்களில் நீல நிறப் பலகை ஒன்று இருக்கும். அழைக்க வேண்டிய எண்ணும் அந்த இடத்தின் அடையாள எண்ணும் அதில் இருக்கும். வண்டி தண்டவாளத்தில் சிக்கினாலோ கேட் கெட்டாலோ எவரும் அழைக்கலாம்; இடம் எது என்று விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவர், அறியாமலே அந்த நீலப் பலகையின் வேலையைச் செய்தது.

வேலியும் மின்கம்பியும்

இன்று அந்தப் பழைய தடத்தில் இரயில் இல்லை. புதிய பாதையில் சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திப்பதில்லை. மேம்பாலங்களும் கீழ்ப்பாலங்களும் வந்துவிட்டன. இது பெரிய நன்மை. கேட்டே இல்லாத இடத்தில் கேட் விபத்து நடக்காது. ஆனால் ஓர் ஆபத்து போகும்போது இன்னொன்று வேறு உடையில் வருகிறது.

முதலாவது, வேலி. பெரியப்பாவின் தோட்டத்தில் லயன் வீடுகள் ஒரு பக்கம். மாரியம்மன் கோயிலும் மளிகைக் கடையும் மறு பக்கம். முன்பு சடக்கைத் தாண்டினால் ஐந்து நிமிடம். இப்போது மேம்பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும். நடந்தால் அரை மணி நேரத்துக்கும் மேல். வேலியில் ஓர் ஓட்டை விழுந்தது. அடைத்தார்கள். மீண்டும் விழுந்தது. ஓட்டை போடுபவர்களைத் திட்டுவது எளிது. அறுபது வயதுக் கிழவி விளக்குக்கு எண்ணெய் வாங்க அரை மணி நேரம் நடப்பாளா என்று வரைபடம் போட்டபோது யாரேனும் கேட்டார்களா? இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு நொடியில் ஏறக்குறைய 39 மீட்டரைக் கடக்கிறது. மின்சார இரயில் பழைய டீசல் இரயில்போல் தூரத்திலேயே உறுமிக்கொண்டு வருவதும் இல்லை. பழைய சத்தத்துக்குப் பழகிய காது புதிய இரயிலை நம்பித் தாண்டினால் ஏமாந்துவிடும்.

இரண்டாவது, மின்சாரம். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். நம் வீட்டு மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அதைத் தொட வேண்டியதே இல்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் தாவிவிடும். செம்பனைத் தோட்டத்தில் உயரமான மரத்தின் குலையை அறுக்க நீண்ட அலுமினியக் கம்பைப் பயன்படுத்துகிறார்கள். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பியில் எத்தனை வோல்ட் என்பது இரயில்வே பொறியாளருக்குத் தெரியும். குலை அறுக்கும் கம்பு எத்தனை அடி, வேலியோர வரிசையில் எந்த நாளில் அறுப்பு என்பது தோட்டத்து மண்டோருக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே அறையில் சந்தித்தால் ஓர் உயிர் பிழைக்கும். சந்திக்காவிட்டால் ஒருநாள் செய்தித்தாளில் சிறு பத்தியாக வரும். தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேரின் உச்சி உயர் மின்னழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தத் தேரையும் ஊர் கூடித்தான் இழுத்தது.

யாரைத்தான் ஒரே அறையில் உட்கார வைப்பது? எண்ணிப் பார்த்தேன். பாதையும் நிலமும் இரயில்வே சொத்துடைமைக் கழகத்தினுடையவை. இரயிலை ஓட்டுவது கேடிஎம். கண்காணிப்பது தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட். மின்சாரம் தெனாகா நேஷனலிடமிருந்து வருகிறது. சாலைகளும் பாலங்களும் பொதுப்பணித் துறையிடமும் ஊராட்சி மன்றங்களிடமும். பாதையின் இரு புறமும் தோட்ட நிறுவனங்கள். போதாக்குறைக்குக் குத்தகையாளர்கள், அவர்களுடைய துணைக் குத்தகையாளர்கள். இத்தனை பேருக்கு நடுவில், பாதையோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு நாற்காலி உண்டா?

என் தொழிற்பயிற்சியின்போது மின்சாரப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் இருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். நேற்று ‘நடக்க இருந்து நடக்காமல் போனது’ என்ன என்று கேட்பார்கள். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. மேற்பார்வையாளராக இருந்த தமிழ் அண்ணன் ஒருவர், தாமே முதலில், “நேத்து நான் மின்சாரம் நிறுத்தியாச்சான்னு ரெண்டாவது தடவை பாக்காம ஏணியில ஏறப் போனேன். இந்தத் தம்பிதான் சத்தம் போட்டு நிறுத்துனாரு” என்று வங்காளதேசத் தொழிலாளி ஒருவரைக் காட்டிச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை; மரியாதை கூடியது. சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் 2016 மார்ச் 22 அன்று தண்டவாளத்தைப் பார்வையிடப் போன இரண்டு பயிற்சி ஊழியர்கள் இரயில் மோதி இறந்தார்கள். இருபதுகளில் இருந்தவர்கள். ஆட்கள் இறங்குமுன் அந்தப் பகுதியில் இரயிலை நிறுத்தி வைக்க வேண்டிய ஏற்பாடு அன்று செய்யப்படவில்லை. அந்த வட்டத்தில் நின்றபோதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வந்தது.

நாம் என்ன செய்யலாம்

‘நாம் மாணவர்கள், நம்மால் என்ன ஆகும்’ என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1972-இல் மாநில அரசு, காவல்துறை, இரயில் நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஒரு சிறு விழிப்புணர்வுப் பிரசாரத்தைத் தொடங்கின. இரயிலும் சாலையும் சந்திக்கும் இடங்களில் நடக்கும் சாவுகளைக் குறைப்பதே நோக்கம். அவ்வாண்டிலேயே பலன் தெரிந்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. இன்று அது நாடு தழுவிய இயக்கம். பள்ளிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் போய்ப் பேசுபவர்கள் பெரும்பாலும் தொண்டர்களே.

நம் கழகம் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்துகிறது. சிகாமட்டிலிருந்து கூலாய் வரை இரயில் பாதையை ஒட்டிய பள்ளிகளுக்கு நாம் போகும்போது, யூபிஎஸ்ஆர் இல்லாமல் போன இக்காலத்தில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். 25,000 வோல்ட் என்றால் என்ன, 39 மீட்டர் என்றால் எவ்வளவு தூரம் என்று திடலில் கயிறு பிடித்துக் காட்டலாம். ‘ஒன்று’ என்று எண்ணுவதற்குள் கயிற்றின் மறுமுனை வந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அழைக்க வேண்டிய எண்ணைத் தமிழிலும் எழுதிக் கோயில் சுவரிலும் கடைச் சுவரிலும் ஒட்டலாம். நிறுவனங்கள் மாறும்போது எண்ணும் மாறும். ஆண்டுக்கொரு முறை போய் அது இன்னும் சரிதானா என்று அழைத்துப் பார்ப்பதையும் நம் வேலையாக வைத்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் கொட்டகைச் சுவரில் இருந்த எண்களுள் ஒன்று கட்டுமானப் பணியோடு முடிந்துவிட்டது. அதைப் போன விடுமுறையில் அழித்துப் புதிதாக எழுதினோம்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரையிலான நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் பாதையை இயக்க, மலேசியாவின் பிரசாரானாவும் சிங்கப்பூரின் எஸ்எம்ஆர்டியும் சேர்ந்து ஒரு நிறுவனத்தை அமைத்திருக்கின்றன. இரண்டு நாடு, இரண்டு சட்டம், ஒரே தண்டவாளம். ஜொகூரில் இரயில் சார்ந்த வேலைகள் இனிக் கூடும். இம்மலரைப் படிக்கும் நண்பர்களில் சிலர் நாளை இரயில் நிறுவனத்துக்குப் போவீர்கள். சிலர் குத்தகை நிறுவனத்துக்கு. சிலர் அரசாங்க அலுவலகத்துக்கு. சிலர் தோட்ட நிர்வாகத்துக்கு. சிலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக அந்தப் பாதையோரத்துக்கே. இன்று நாம் எல்லோரும் ஒரே உணவகத்தில் ஒரே மேசையில் தே தாரிக் குடிக்கிறோம். யாருக்கு எது தெரியும், யாரை எப்போது அழைக்கலாம் என்பது நமக்குத் தெரியும். வேலைக்குப் போய்க் கழுத்தில் வேறு வேறு அட்டையை மாட்டிக்கொண்ட பிறகு, ‘அது எங்கள் வேலையில்லை’ என்ற வாக்கியம் மிக எளிதாக வாயில் வரும்.

அந்த வாக்கியம் வரும் நாளில், எதிர்முனையில் மழையில் நனைந்துகொண்டு யாரோ ஒரு பெரியப்பா நிற்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர் கேட்டது உங்கள் வேலை இல்லை என்றால், யாருடைய வேலையோ அவருடைய எண்ணைக் கொடுங்கள். கொடுத்த பிறகு நீங்களும் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.